மின்வெட்டு, நெட் கட், ஆள் குறைவு: டி அண்ட் டி செஷன் நிற்காமல் நடக்க முழுமையான வழிகாட்டி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்ற கதாபாத்திர விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை (2014 விதிகள்), கதையையும் எதிரிகளையும் நடத்தும் ஒரு டிஎம்மும் (டன்ஜன் மாஸ்டர்) நான்கைந்து பிளேயர்களுமாக வீட்டு மேசையிலோ ஆன்லைனில் டிஸ்கார்டிலோ ஆடும் குழுக்களுக்காக எழுதியது இது. வேறு ஆர்பிஜி (ரோல்பிளேயிங் கேம்) ஆடுபவர்கள் விதி எண்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

புதுக் குழுக்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். மின்சாரம் போனவுடன் செஷன் நின்றுவிடுவதில்லை. போனபின் "இப்போ என்ன பண்றது?" என்று இருபது நிமிடம் பேசுகிறார்களே, அதில்தான் நிற்கிறது. அதற்குள் ஒருவர் ரீல்ஸ் பார்க்கத் தொடங்கிவிடுவார், இன்னொருவர் வண்டிச் சாவியை எடுத்துவிடுவார். ஆகவே பாதி வேலை ஆட்டம் தொடங்குமுன்பே முடிந்திருக்க வேண்டும். முதல் மூன்று பகுதிகள் முன்கூட்டியே செய்ய வேண்டியவை. மற்றவை அந்தந்தத் தடங்கல் வரும்போது செய்ய வேண்டியவை.

1. முன்கூட்டியே எடுக்க வேண்டிய மூன்று முடிவுகள்

இவற்றை எழுத்தில் வையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் பின் செய்த ஒரே மெசேஜ் போதும். வாய்ப்பேச்சாக விட்டால் தேவைப்படும் நேரத்தில் ஆளுக்கொரு நினைவு இருக்கும்.

முதல் முடிவு, எத்தனை பேர் வந்தால் ஆட்டம் நடக்கும் என்பது. நான்கைந்து பிளேயர்கள் உள்ள குழுவுக்கு டிஎம் தவிர மூன்று பேர் என்று வைப்பது சரியாக இருக்கும். எல்லாரும் வந்தால்தான் ஆட்டம் என்று வைத்த குழுக்கள்தான் சீக்கிரம் கலைகின்றன. ஐந்து பேரின் ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றாகக் காலியாக இருப்பது அபூர்வம்.

இரண்டாவது, வராதவரின் கேரக்டர் என்ன ஆகும் என்பது. என் பரிந்துரை: அது குழுவோடு பின்னால் வருகிறது, சண்டையில் சேராது, சாகாது, அதன் பொருள் எதுவும் செலவாகாது. இன்னொரு பிளேயரிடம் கொடுத்து ஆடச் சொல்வதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. அவர் நல்லெண்ணத்தில் கடைசி ஹீலிங் போஷனைக் குடித்துவிடுவார், அடுத்த வாரம் மனத்தாங்கல். குழுவில் ஒரே ஒரு கிளெரிக் (காயம் ஆற்றும் கேரக்டர்) என்றால் மட்டும் விலக்கு கொடுக்கலாம். அப்போதும் எந்த ஸ்பெல்லை (மந்திரத்தை), எத்தனை முறை என்று உரியவரே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, டிஎம் நடுவில் துண்டிக்கப்பட்டால் யார் நடத்துவது. ஒரே ஒரு பெயர் வேண்டும். அந்தச் சமயத்தில் யாராவது எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

2. மேசைக்கடியில் ஒரு டப்பா

மூடியுள்ள எவர்சில்வர் டப்பா ஒன்றில் கீழ்க்கண்டவை நிரந்தரமாக இருக்கட்டும். செஷன் முடிந்ததும் திரும்ப நிரப்பி வைக்கும் பொறுப்பு ஒருவருக்கு.

சாதாரண ஆறுமுகப் பகடை நான்கு, இரண்டு நிறத்தில். ஒரு சீட்டுக்கட்டு. ஐந்து பென்சில், ஒரு ரப்பர். ஓர் அங்குலக் கட்டம் போட்ட சார்ட் பேப்பர் இரண்டு. கேரம் காய்கள் ஒரு செட். கிளிப் பத்து. ரீசார்ஜ் செய்யும் எல்இடி விளக்கு ஒன்று. பேனா வேண்டாம், வியர்வைக் கையோ தண்ணீரோ பட்டால் மை கலங்கி எண் போய்விடும்.

எல்லாருடைய கேரக்டர் ஷீட்டும் (கேரக்டரின் திறன்களும் எண்களும் உள்ள தாள்) அச்சில் இருக்க வேண்டும். டி அண்ட் டி பியாண்ட் இணையதளத்தில் வைத்திருப்பவர்கள் பிடிஎஃப் ஆக இறக்கி அச்சிடலாம். முதல் லெவலில் ஒருமுறை அச்சிட்டு அப்படியே மறந்துவிடுவதுதான் வழக்கமான தவறு. நான்காம் லெவலில் நெட் போனால் அந்தத் தாளால் பயனில்லை. லெவல் ஏறிய அன்றே பழையதைக் கிழித்துவிட்டுப் புதியதை வையுங்கள்.

விதிகளுக்கு, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1 ஆவணம் 2023 ஜனவரி முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை இரண்டு பேரின் போனில் இறக்கி வையுங்கள். கண்டிஷன் (மயக்கம், கட்டுண்டது போன்ற நிலைகள்) பட்டியல் உள்ள பக்கத்தை மட்டும் அச்சிட்டு டப்பாவில் போடுங்கள். நடுச்சண்டையில் அதிகம் தேடப்படுவது அந்தப் பக்கம்தான்.

3. நிலைத் தாள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். சண்டை இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பது ஒரே தாளில், யார் எடுத்துப் படித்தாலும் தொடரும்படி இருக்க வேண்டும். டிஎம்மின் தலைக்குள்ளோ லேப்டாப்புக்குள்ளோ மட்டும் இருந்தால், அவை இரண்டில் ஒன்று போனாலும் சண்டை போய்விடும்.

தாளின் மேலே ரவுண்டு எண்ணும் யாருடைய முறை என்பதும். கீழே இனிஷியேட்டிவ் (யார் முதலில், யார் பிறகு என்ற எண்) வரிசைப்படி ஒருவருக்கு ஒரு வரி: பெயர், மிச்ச ஹெச்பி (உயிர்ப்புள்ளி)/முழு ஹெச்பி, மற்ற நிலை, கடைசியில் மேப்பில் நிற்கும் கட்டம். மூன்றாம் லெவல் குழு ஒன்றின் தாள் இப்படி இருக்கும்:

ரவுண்டு 3, முறை: ரோக்
19 – விசார்ட் – 14/20 – ஸ்லாட்: முதல் நிலை 2, இரண்டாம் நிலை 1 – கான்சென்ட்ரேஷன்: வெப் – சி4
16 – ரோக் – 24/24 – டி6
12 – ஓகர் – வாங்கியது 27 – வெப்பில் சிக்கியது – இ5
11 – ஃபைட்டர் – 21/28 – செகண்ட் விண்ட் முடிந்தது – இ4
8 – கிளெரிக் – 0/24 – டெத் சேவ்: வெற்றி 1, தோல்வி 1 – டி4

ஸ்லாட் என்பது மிச்சமுள்ள ஸ்பெல் வாய்ப்பு, வெப் என்பது வலை ஸ்பெல், செகண்ட் விண்ட் என்பது ஃபைட்டர் தன்னைத் தேற்றிக்கொள்வது. எதிரியான ஓகரின் வரியில் மிச்ச ஹெச்பி இல்லை, வாங்கிய அடி மட்டுமே இருக்கிறது. இதனால் பிளேயரே தாளை எழுத முடியும், ஓகருக்கு 59 ஹெச்பி என்ற ரகசியமும் டிஎம்மிடமே இருக்கும். எழுதுபவர் கண்டிப்பாக டிஎம்மாக இருக்கக் கூடாது. அவருக்கு ஏற்கெனவே கை நிறைய வேலை.

ஒவ்வொரு ரவுண்டு முடிவிலும் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் எழுதினால் ஆட்டம் இழுக்கும். சண்டை முடியட்டும் என்று விட்டால் "நான் ஏற்கெனவே பத்து குறைச்சிட்டேன்" என்ற வாக்குவாதம்தான் மிஞ்சும்.

வழக்கமாக விட்டுப்போகும் மூன்று: கான்சென்ட்ரேஷன் (கவனத்தால் தாங்கி நிற்கும் ஸ்பெல்), டெத் சேவ் (0 ஹெச்பியில் உயிருக்கான உருட்டல்) எண்ணிக்கை, ஒரு ஸ்பெல் தொடங்கிய ரவுண்டு. ஒரு ரவுண்டு ஆறு வினாடி, ஒரு நிமிட ஸ்பெல் பத்து ரவுண்டு. தொடங்கிய ரவுண்டு எழுதப்படாவிட்டால் பிளெஸ் ஸ்பெல் எப்போது முடிகிறது என்று யாருக்கும் தெரியாது.

4. மின்சாரம் போன முதல் இரண்டு நிமிடம்

வரிசை முக்கியம்.

முதலில் எல்லாரும் அப்படியே இருங்கள். இருட்டில் எழுந்தால் மேசை இடிபடும், மினி பொம்மைகள் சரியும், உருண்டுகொண்டிருந்த பகடையின் எண் காணாமல் போகும். பக்கத்தில் இருப்பவர் போன் டார்ச்சைப் போட்டு முதலில் அந்தப் பகடையைப் படிக்கட்டும்.

அடுத்து, மேப்பை நேர் மேலிருந்து ஒரு போட்டோ. பிறகு தாளை எழுதுபவர் ரவுண்டையும் முறையையும் சத்தமாகப் படிக்க, டிஎம் அந்த நொடியே அடுத்த பிளேயரிடம் "என்ன செய்கிறாய்?" என்று கேட்க வேண்டும். விளக்கு ஏற்றுவதும் இன்வெர்ட்டரைப் பார்ப்பதும் வீட்டுக்காரர் ஒருவரின் வேலை. புதுக் குழுக்களில் டிஎம்மே எழுந்து ஃபியூஸ் பார்க்கப் போய்விடுகிறார். அவர் எழுந்த கணம் மேசையும் எழுந்துவிடும்.

எல்இடி விளக்கு இல்லாவிட்டால் போன் டார்ச்சை மேல்நோக்கி வைத்து, அதன் மேல் நீர் நிரம்பிய தெளிவான பாட்டிலை நிறுத்துங்கள். வெளிச்சம் சிதறி மேசை முழுக்கப் பரவும். மெழுகுவத்தி வேண்டாம். காகிதம் நிறைந்த மேசை அது. திறந்த ஜன்னல் வேறு.

இன்னொன்று, பலரும் யோசிக்காதது: மின்சாரம் போனதும் மின்விசிறி ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். ஐந்தில் இருந்த விசிறி கரண்ட் வந்ததும் திடீரென்று சுழன்றால் காகித டோக்கன்கள் அத்தனையும் கலைந்துவிடும், மின்வெட்டில் தப்பித்த சண்டை மின்சாரம் வந்ததும் கெடும். கேரம் காய்களும் கிளிப்பும் டப்பாவில் இருப்பது இதற்காகத்தான்.

டெஸ்க்டாப்பில் நடத்துபவர்கள் வீட்டு இன்வெர்ட்டரின் பின்புறம் பாருங்கள். பல மாடல்களில் யுபிஎஸ் மோடுக்கு ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதில் வைத்தால் மாறும் நேரம் குறைந்து கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகாது.

5. பகடை இல்லாதபோது

பகடைப் பையை வீட்டில் விட்டுவிட்டு வருவது சாதாரணமாக நடக்கிறது. ஆஃப்லைனில் இயங்கும் பகடை ஆப் ஒன்றை எல்லாரும் போனில் வைத்திருப்பது எளிய தீர்வு. சார்ஜும் தீர்ந்துவிட்டால் சீட்டுக்கட்டு.

ஆர்ட்டின் ஏஸ் முதல் 10 வரை உள்ள பத்துச் சீட்டும், ஸ்பேடின் ஏஸ் முதல் 10 வரை உள்ள பத்தும் சேர்ந்தால் டி20 (இருபதுமுகப் பகடை; டி12, டி4 எல்லாம் இப்படியே). ஆர்ட் அப்படியே 1 முதல் 10. ஸ்பேடில் எண்ணோடு 10 கூட்டினால் 11 முதல் 20. கிளாவரின் ஏஸ் முதல் ராணி வரை பன்னிரண்டு சீட்டு டி12. அதையே டி10, டி8, டி4 ஆகவும் பயன்படுத்தலாம், தேவைக்கு மேல் எண் வந்தால் மறுபடி எடுங்கள். டி6க்கு உண்மையான பகடை இருக்கிறது.

எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுக் குலுக்கிய பிறகே அடுத்தது. திரும்பப் போடாவிட்டால் ஒருமுறை 20 வந்த பின் மற்ற யாருக்கும் 20 வராது, தோல்விகளும் எண்ணித் தீர்ந்துவிடும். அட்வான்டேஜுக்கு (இரண்டு உருட்டி உயர்ந்ததை எடுப்பது) மட்டும் அவசரமென்றால் இரண்டு சீட்டை ஒன்றாக உருவலாம். 20 வரும் வாய்ப்பு 9.75 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகிறது, அவ்வளவுதான்.

ஆறுமுகப் பகடை மட்டும் கையில் இருந்தால்: டி4க்கு 5, 6 வந்தால் மறுபடி உருட்டுங்கள். டி12க்கு இரண்டு நிறம் வேண்டும். வெள்ளை எண்ணைத் தரும், சிவப்பு 4 அல்லது அதற்கு மேல் என்றால் 6 கூட்டுங்கள். டி10க்கு வெள்ளையில் 6 வந்தால் மறுபடி, சிவப்பு இரட்டை எண் என்றால் 5 கூட்டுங்கள். டி20க்கு வெள்ளை 1 முதல் 5. சிவப்பு 1 முதல் 4, அதற்கேற்ப 0, 5, 10, 15 கூட்டல். மறுஉருட்டல் நிறைய வரும் என்பதால் டி20க்குச் சீட்டே வேகம்.

இரண்டு ஆறுமுகப் பகடைகளைக் கூட்டி டி12 என்று வைத்துக்கொள்வதுதான் எல்லாரும் செய்யும் தவறு. அதில் 1 வரவே வராது, 7 மற்ற எந்த எண்ணையும்விட அதிகம் வரும். டி20க்குப் பதில் மூன்று ஆறுமுகப் பகடை போட்டால் நேச்சுரல் 20 (பகடையிலேயே 20) என்பதே இல்லாமல் போகும். அதற்காகக் காத்திருக்கும் பிளேயருக்கு அது அநியாயம்.

டிஎம் தன் பக்கத்து உருட்டல்களைப் பாதியாகக் குறைக்கவும் வழி உண்டு. மான்ஸ்டர் விவரத்திலேயே சராசரி டேமேஜ் அச்சாகியிருக்கிறது: கோப்ளினின் வாள் 5, ஓகரின் கதாயுதம் 13. விதியும் அதை அனுமதிக்கிறது. தாக்குதலுக்கு மட்டும் சீட்டு எடுங்கள்.

6. ஆன்லைன் ஆட்டத்தில் நெட் போனால்

முன்னேற்பாடு ரவுட்டருக்கான மினி யுபிஎஸ். வாங்குமுன் ரவுட்டர் அடாப்டரின் லேபிளைப் படியுங்கள். 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்பது பொருந்த வேண்டும். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். ரவுட்டரை மட்டும் காப்பாற்றினால் வைஃபை சிக்னல் முழுதாகக் காட்டும், நெட் இருக்காது.

அதுவும் போனால் போன் டேட்டா. மாறியதும் முதலில் வீடியோவையும் ஸ்கிரீன் ஷேரையும் நிறுத்துங்கள். டிஸ்கார்ட் குரல் சேனலின் வழக்கமான அளவு விநாடிக்கு 64 கிலோபிட். ஒருவர் தொடர்ந்து பேசினாலும் மணிக்குச் சுமார் 29 எம்பிதான். சிக்னல் மோசமென்றால் சேனல் அமைப்பில் அதை 8 கிலோபிட் வரை குறைக்கலாம். குரல் கரகரப்பாக இருந்தாலும் அறுபடாமல் வரும்.

ஃபவுண்ட்ரி என்ற மேப் மென்பொருளைத் தன் கம்ப்யூட்டரிலேயே ஓட்டும் டிஎம்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஹாட்ஸ்பாட்டுக்கு மாறியதும் உங்களுக்கு நெட் வரும், ஆனால் பிளேயர்களால் உள்ளே வர முடியாது. மொபைல் நிறுவனங்கள் பலரை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருப்பதால், வீட்டு ரவுட்டரில் செய்துவைத்த போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருபவரை உங்கள் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் அமைப்பு) அங்கே செல்லாது. இதைச் சரிசெய்ய அரைமணி நேரம் போராடுவதுதான் செஷனை முடிக்கிறது. போராட வேண்டாம். மேப்பின் படத்தை டிஸ்கார்டில் போட்டுவிட்டுப் பேச்சில் தொடருங்கள். ரோல்20 போன்ற மேப் தளங்கள் அவர்களுடைய சர்வரில் ஓடுவதால் டிஎம் போனாலும் மேப் நிற்கும்.

பேச்சில் தொடர வேண்டுமென்றால் மேப்பின் மேல்வரிசையில் எழுத்தும் பக்கவாட்டில் எண்ணும் முன்பே இருக்க வேண்டும். "சி4லிருந்து இ5க்குப் போறேன்" என்று சொன்னால் எல்லாரும் தங்கள் காகிதத்தில் நகர்த்திக்கொள்வார்கள். கட்டம் ஐந்தடி என்பதால் தூரமும் கணக்கிடலாம். செஸ் போர்டு வைத்திருப்பவருக்கு நாற்பதடிக்கு நாற்பதடி அறை தயார்.

குரலும் அறுந்தால் எழுத்துக்கு மாறுங்கள். முந்தையவர் முறையிலேயே அடுத்தவர் நகர்வு, ஆக்‌ஷன், உருட்டல் மூன்றையும் ஒரே மெசேஜாகத் தயார் செய்ய வேண்டும். தனித்தனியாக அனுப்பினால் ஒரு ரவுண்டுக்கே அரைமணி ஆகும்.

7. ஆள் குறைந்தால் எதிரியைக் குறைப்பது

இங்கே உள்ளுணர்வை நம்ப வேண்டாம், கணக்குப் போடுங்கள். 2014 டிஎம் கையேட்டின்படி மூன்றாம் லெவலில் ஒருவருக்கு மீடியம் சண்டை 150 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி), ஹார்ட் 225, டெட்லி 400. ஒரு கோப்ளின் 50. எதிரிகள் மூன்று முதல் ஆறு என்றால் மொத்தத்தை இரண்டால் பெருக்க வேண்டும்.

நான்கு பேருக்கு ஆறு கோப்ளின் என்றால் 300, இரண்டால் பெருக்க 600. சரியாக மீடியம். மூன்று பேர்தான் வந்தார்கள் என்றால் மீடியம் 450. ஐந்து கோப்ளின் 500, பொருந்துகிறது. இரண்டு பேர் மட்டும் என்றால் விதி கடுமையாகிறது: மூவருக்குக் குறைந்த குழுவுக்கு அடுத்த உயர் பெருக்கி, அதாவது இரண்டரை. ஆறு கோப்ளினையும் விட்டால் 750, டெட்லிக்கு ஐம்பதுதான் குறைவு. மூன்றாகக் குறைத்தால் 375, மீடியம்.

எதிரிகளின் ஹெச்பியைக் குறைத்து எண்ணிக்கையை அப்படியே விடுவது வழக்கமான பிழை. ஆபத்து ஒரு ரவுண்டில் எத்தனை அடி வருகிறது என்பதில் இருக்கிறது, ஆகவே தலையை எண்ணிக் குறையுங்கள். சண்டை தொடங்கியபின் ஒருவர் போய்விட்டால், இன்னும் அடிபடாத ஓர் எதிரியை அவர் பின்னால் ஓட விடுங்கள். கதையும் கெடாது.

8. டிஎம் போய்விட்டால்

ஒவ்வொரு சண்டைக்கும் ஒட்டிய உறை ஒன்று, ஆன்லைனில் என்றால் மாற்று டிஎம்முக்கு ஸ்பாய்லர் மறைப்பில் ஒரு மெசேஜ். உள்ளே நான்கு வரி போதும்: ஆர்மர் கிளாஸ் (அடி பட எட்ட வேண்டிய எண்), ஹெச்பி, தாக்கும் எண், டேமேஜ். கோப்ளினுக்கு 15, 7, +4, 5. ஓகருக்கு 11, 59, +6, 13. கூடவே "எப்போது ஓடும், யாரைக் குறிவைக்கும்" என்று ஒரு வரி.

மாற்று டிஎம் அந்தச் சண்டையை மட்டும் முடிப்பார். கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, அந்த வியாபாரி உண்மையில் யார் என்பதையெல்லாம் அவர் தொடக் கூடாது. சண்டைக்குப் பின் ஷார்ட் ரெஸ்ட் (சிறு ஓய்வு), கொள்ளைப் பங்கீடு, கேரக்டர்களுக்குள் பேச்சு. இதற்கே ஒரு மணிநேரம் இனிமையாகப் போகும். டிஎம் திரும்பும்போது பழையபடி அவர் கதைதான்.

9. வெவ்வேறு நாடுகளில் இருந்து ஆடும் குழு

சென்னை, சிங்கப்பூர், லண்டன், டொரண்டோ என்று சிதறிய தமிழ்க் குழுக்கள் வருடத்துக்கு இருமுறை குழம்புவது கடிகார மாற்றத்தில். இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் மாற்றம் இல்லை. டொரண்டோ மார்ச் இரண்டாம் ஞாயிறும், லண்டன் மார்ச் கடைசி ஞாயிறும் மாறும். இடைப்பட்ட வாரங்களில் ஒருவருக்கு மட்டும் நேரம் நழுவும். குளிர்காலத்தில் நம் இரவு 9 மணி டொரண்டோவுக்குக் காலை 10.30, லண்டனுக்கு மாலை 3.30. ஒரே ஊரின் நேரத்தை ஆதாரமாக அறிவித்துவிடுங்கள். இந்திய நேரம் மாறாதது என்பதால் அதுவே வசதி.

10. நேரம் தீரும்போது

கடைசி பஸ்ஸுக்கு இருபது நிமிடம், சண்டையோ பாதியில். 2014 டிஎம் கையேட்டின் மொரேல் (மன உறுதி) விதியை எடுங்கள். தலைவன் வீழ்ந்தாலோ, பிளேயர்கள் பக்கம் இழப்பின்றிப் பாதிப் பேர் வீழ்ந்தாலோ எதிரிக் குழுவுக்காக ஒரு டிசி 10 விஸ்டம் சேவ் (விஸ்டம் எண்ணைக் கூட்டி 10ஐ எட்ட வேண்டிய டி20 உருட்டல்) போட வேண்டும், தோற்றால் ஓட்டம் அல்லது சரண். கோப்ளினுக்கு விஸ்டத்தில் -1 என்பதால் ஓடும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. டிஎம் சும்மா "சரி, ஜெயிச்சிட்டீங்க" என்று முடிப்பதைவிட இது எவ்வளவோ மேல். பிளேயர்கள் போட்ட உழைப்புக்கு விதிப்படி கிடைத்த முடிவு அது.

11. எப்போது நிறுத்திவிட வேண்டும்

யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால், மேசையில் நடந்தது ஒருவரை உண்மையாகவே வருத்திவிட்டது என்றால், வெளியே வெள்ளம் ஏறுகிறது என்றால் உடனே நிறுத்துங்கள். நிலைத் தாள் இருப்பதால் எதுவும் வீணாகாது.

நிறுத்தும்போது தாளைப் போட்டோ எடுத்துக் குழுவில் போடுங்கள். மேப்பையும் அப்படியே. அதற்குக் கீழே ஒவ்வொருவரும் "அடுத்த முறையில் நான் செய்ய நினைத்தது" என்று ஒரு வரி எழுதட்டும். மூன்று வாரம் கழித்துக் கூடினாலும் முதல் நிமிடமே பகடை உருளும். கிளம்புமுன் அடுத்த தேதியை அங்கேயே குறியுங்கள், வாக்கெடுப்புக்கு விட வேண்டாம்.